சந்தனப் பொட்டு வைத்த டின்

எண்ணெயைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. நான் விருதுநகரில் பிறந்து விருதுநகரிலேயே வாக்கப்பட்டவள். என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, நல்லெண்ணெயை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தால் போதும், எள் புதுசா பழசா, கடலை எண்ணெய் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவள் கணவர் பஜாரில் எண்ணெய், பருப்பு கமிஷன் கடை வைத்திருந்தார். அவர் தேய்த்துக்கூடப் பார்க்கமாட்டார். டின்னைத் திறந்து வெயிலில் சாய்த்து நிறம் பார்ப்பதோடு சரி. இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்கள் வீட்டைக் கவிழ்க்கப் பார்த்தது.

நாங்கள் கூட்டுக் குடும்பம். அண்ணனுக்குக் கடை, தம்பிக்கு லாரி. தம்பிதான் என் வீட்டுக்காரர். பழைய பெட்ரோல் லாரி அது. ஆள் வைக்காமல் அவரே ஓட்டுவார். நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கம். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே வெளியூர் ஆர்டர்கள் கிளம்பிவிடும். ஆவணி பிறந்துவிட்டால் அவர் சிவகாசியில் பட்டாசு லோடு ஏற்றுவதும் மதுரைப் பக்கம் போவதுமாக இருப்பார். வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஒரு வேளை சாப்பிடுவது அபூர்வம்.

எனக்குப் பயம் அதிகம். அதை நான் யாரிடமும் ஒளித்ததில்லை. லாரி தெருமுனை திரும்பிவிட்டால், திரும்பி வந்து ஹாரன் அடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. இத்தனைக்கும் லோடு ஏற்றுகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பீடி குடிக்கிறவனை லாரிப் பக்கம் அண்டவிடமாட்டார்கள். செருப்பில் ஆணி இருந்தால்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஆனால் இன்ஜினுக்குள் நடப்பதை யார் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

எங்கள் எதிர்வீட்டிலும் ஒரு லாரிக்காரர் இருந்தார். தீப்பெட்டி லோடோடு காரியாபட்டி தாண்டிப் போகும்போது அவர் இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால், உள்ளே தேயாமல் ஓட வேண்டிய இரும்புகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நின்றுவிடுவது. அடியில் புகை கிளம்பியிருக்கிறது. என்ன ஏது என்று பானெட்டைத் திறந்தவரின் இரண்டு கையும் வெந்துபோயின. மனிதர் தப்பினார், லாரி தப்பவில்லை. என் வாசலில் நின்று பார்த்தால் அவர் மனைவி அவருக்குச் சோறு ஊட்டுவது தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கோலம் போடப் பழகிக்கொண்டேன்.

டூப்ளிகேட் ஆயில்தான் காரணம் என்று சொன்னார்கள். லாரி ஷெட்டுகளில் வடித்துக் கொட்டும் பழைய ஆயிலை வாங்கி, வடிகட்டி, எதையெதையோ போட்டு வெளுக்க வைத்து, கம்பெனி டின்னில் ஊற்றி ஈயத்தால் மூடிவிடுவார்களாம். டின்னுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊரில் தகர டின்னை யாரும் வீசி எறியமாட்டார்கள். தண்ணீர் எடுக்க, அரிசி கொட்டி வைக்க, வற்றல் போட்டு வைக்க, எல்லாவற்றுக்கும் டின்தான். மிஞ்சினால் பழைய டின் வாங்க வரும் டின்காரனுக்குப் போடுவோம். மூடி நெளியாமல், லேபிள் கிழியாமல் இருந்தால் அவன் காசு கூடக் கொடுப்பான். ஏன் கூடக் கொடுக்கிறான் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

எதிர்வீட்டுக்காரருக்கு அப்படி ஆனபிறகு என் வீட்டுக்காரர் கொஞ்சம் கலங்கித்தான் போயிருந்தார். அண்ணன் அவரைத் தேற்றினார்.

"எண்ணெய்னா எங்கிட்ட விட்டுருலே. இனிமே உன் லாரிக்கு நான் பாத்து வாங்குதேன்."

சொன்னபடியே வாங்கியும் வந்தார். ஆயில் கடையில் இரண்டு டின்களைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாராம். ஒன்று கருஞ்சிவப்பு, இன்னொன்று தேன் நிறம். கருஞ்சிவப்பை அடிமண்டிக் கசண்டு என்று ஒதுக்கிவிட்டுத் தேன் நிறத்தை வாங்கி வந்தார். நல்லெண்ணெய் என்றால் அது சரியான தீர்ப்பு. அந்த வாரம்தான் கம்பெனியிலிருந்து வந்த சரக்கு என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாராம். என் ஓரகத்தி அதைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அல்வா கிண்டலாம் போலருக்கே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் பாதி டின்னை இன்ஜினில் ஊற்றினார். மீதியை எங்கள் வீட்டு ஷெட்டில் இருந்த இரும்புக் கேனில் ஊற்றி வைத்தார். மறுநாள் காலையில் லோடு ஏற்றச் சிவகாசிக்குக் கிளம்பிப் போனார்.

காலியான டின்னுக்கு நானும் ஓரகத்தியும் போட்டி. வற்றல் போட வேண்டும் என்று அவள் கேட்டாள், புழங்கும் தண்ணீருக்கு வேண்டும் என்று நான் பிடித்துக்கொண்டேன். சமையல் முடிந்ததும் அதைப் பின்கட்டில் போட்டு, சாம்பலும் வெந்நீருமாகத் தேய்க்க உட்கார்ந்தேன். மேல் தகரமும் பக்கத் தகரமும் சேரும் மடிப்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். மாவாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். ஆயில் வாடைக்கு அடியில் லேசாகச் சந்தனம். மடிப்புக்குள் விரலை விட்டால் சிவப்பாகவும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. குங்குமம்.

ஆயுத பூஜையன்று நான் எத்தனை டின்னுக்கு அப்படிப் பொட்டு வைத்திருப்பேன்? லாரிக்கு, ஸ்பேனருக்கு, ஜாக்கிக்கு, ஆயில் டின்னுக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம். வாகனம் வைத்திருக்கும் வீடுகளில் அதுதான் வழக்கம். ஆனால் இந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. இந்த வாரம் கம்பெனியிலிருந்து வந்த புது டின்னுக்குப் பொட்டு வைத்தது யார்?

போன வருஷம் யாரோ ஒருத்தி என்னைப் போலவே பொட்டு வைத்து, கும்பிட்டு, பிறகு காலி டின்னை டின்காரனுக்குப் போட்டிருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் என் கை நின்றுவிட்டது. டின்னைக் கவிழ்த்தேன். அடித்தகரத்தின் ஓரத்தில் ஈயம் ஒரு இடத்தில் மட்டும் பளபளவென்று புதுசாக இருந்தது.

ஓரகத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கேனில் இருந்த மிச்ச ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தாள், முகர்ந்தாள்.

"நல்லாத்தான இருக்கு. பொட்டு வச்ச டின்னு வீட்டுக்கு வந்தா நல்ல சகுனம்னு எடுத்துக்கோ. உனக்குச் சந்தேகப் பேயி பிடிச்சிருக்கு."

"அக்கா, இது எப்படி இருந்தா நல்ல ஆயிலு, எப்படி இருந்தா கெட்ட ஆயிலுன்னு நமக்குத் தெரியுமா?"

அவள் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வீட்டில் எண்ணெயைப் பற்றி ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். 

டின்னை எடுத்துக்கொண்டு பஜாருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போவது வழக்கமில்லை. அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். நான் டின்னை அவர் முன்னால் வைத்து மடிப்பைக் காட்டினேன்.

"கடைக்காரரு பூசை போட்டிருப்பாரும்மா. கடையில வைக்கமாட்டாகளா?"

"ஆயுத பூசை இன்னும் வரலையே."

"போன வருசம் வச்சிருப்பாரு."

"இந்த வாரம் வந்த சரக்குன்னு உங்ககிட்டச் சொன்னாராமே."

அவர் சுயமரியாதை உள்ள மனிதர். ஊரே அவர் கண்ணை நம்பித்தான் எண்ணெய் வாங்கும். ஒரு நிமிஷம் அந்த மடிப்பையே பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். சிவகாசிக்கு லைன் கிடைப்பதற்குள் என் உயிர் போய்ப் போய் வந்தது. கிடைத்ததும் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது.

"லோடு ஏத்திக் கெளம்பிட்டானாம். நான் மதுரை ரோட்டுல போயி நிக்கேன். இங்கன வந்தா மறிச்சிருதேன்."

"இங்கன வரைக்கும் வந்தாத்தான?" என்றேன். அவரிடம் அப்படி வெடுக்கென்று நான் பேசியதே இல்லை.  நான் டின்னோடு சிவகாசி பஸ்ஸில் போய் ஏறிவிட்டேன். எதிரே வருகிற லாரியை வழியிலேயே பார்த்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு. டின்னை எதற்கு எடுத்துப் போனேன் என்றால், என் வாய்ச்சொல்லை அவர் நம்பமாட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டின்னை மடியில் இறுக்கிக்கொண்டேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "உள்ள என்னம்மா? பெட்ரோலு கிட்ரோலு ஏத்தக் கூடாது" என்றார்.

"காலி டின்னு."

"காலி டின்னுக்கா இம்புட்டுப் பிடி?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே ஒவ்வொரு லாரி வரும்போதும் எழுந்து எழுந்து பார்த்தேன். பருத்தி ஏற்றிய லாரி, வெறும் லாரி, வைக்கோல் லாரி. வானத்தின் அடியில் எங்கேயாவது புகை தெரிகிறதா என்றும் பார்த்தேன். அந்தக் கரிசல் காட்டில் கண்ணுக்கு எட்டிய மட்டும் மறைப்பே கிடையாது. அன்றைக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை, பார்க்கக்கூடாதது எதுவும் சீக்கிரமே தெரிந்துவிடுமே என்று இருந்தது. வழியில் ஒரு சூளைப் புகையைக் கண்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

ஆமத்தூர் நெருங்கும்போது எங்கள் லாரி ஓரமாக நின்றது. தார்ப்பாய் கட்டியபடியே இருக்கிறது. பானெட் திறந்திருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார். இறங்கி ஓடினேன். வண்டியைச் சுற்றி வந்தேன், அடியில் குனிந்து பார்த்தேன், சீட்டைப் பார்த்தேன். எங்கும் இல்லை. இன்ஜினிலிருந்து அனல் அடித்தது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை நான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "ஏங்க, ஏங்க" என்று காட்டைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரோட்டிலிருந்து இறங்கிய காட்டுக்குள் ஒரு பம்புசெட் கிணறு. அதன் ஆயில் இன்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் கூப்பிட்டது கேட்டிருக்காது. அங்கேயிருந்து கையில் வாளித் தண்ணீரோடு அவர் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ எங்கன இங்க? வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

நான் பதில் சொல்லாமல் அவர் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துவிட்டதாம், ஊற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானாம். நான் டின்னைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"சந்தனம் பட்டா இஞ்சின் கெட்டுப்போகுமா? கிறுக்கச்சி" என்று சிரித்துக்கொண்டே வாளியை எடுத்தார்.

நான் போய் லாரிக்கு முன்னால் நின்றேன். "என் மேல ஏத்திக்கிட்டுப் போங்க" என்றேன். நாடகமாகச் சொல்லவில்லை, அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாக, திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளை போலச் சொன்னார்.

"சிவகாசியிலருந்து கெளம்புனதுலருந்தே ஆயில் முள்ளு எறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. மதுரை போயிப் பாத்துக்கிருவோம்னு இருந்தேன்."

ஆயில் ஓடுகிற அழுத்தத்தைக் காட்டும் அந்த முள்ளைப் பற்றி எதிர்வீட்டுக்காரரும் இதே வார்த்தையைச் சொன்னதாகக் கேள்வி. மதுரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவரும் இருந்தாராம்.

என் வீட்டுக்காரர் இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி இரண்டு விரலுக்கு நடுவில் ஆயிலைத் தேய்த்தார். மண்ணெண்ணெய் மாதிரி வழிந்து முழங்கை வரை ஓடியது. முந்தின நாள் தேன் நிறத்தில் இருந்தது இப்போது நாறியது. அவர் தார்ப்பாயை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு வெடி அதற்குள் இருக்கிறது என்று ஏற்றிய அவருக்குத்தானே தெரியும்.

அதற்குள் கிணற்றுப் பக்கமிருந்து ஒரு அம்மாள் வேகமாக வந்தாள். என்னைவிட மூத்தவள், அந்தக் காட்டுக்கும் கிணற்றுக்கும் சொந்தக்காரி. தண்ணீர் கொடுத்து அனுப்பியபிறகுதான் வண்டியில் என்ன லோடு என்று அவளுக்கு உறைத்திருக்கிறது.

"வெடி வண்டியாமே இது? எங்க வைக்கப் படப்பு அந்தா நிக்கி, தொழுவத்துல மாடு நிக்கி. அடுப்ப அணைச்சுட்டு ஓடியாரேன். மொதல்ல வண்டிய எடுங்க அண்ணாச்சி."

"எடுக்க முடியாதுக்கா. ஆயில் கெட்டுப்போச்சு. எடுத்தா வழியில பத்திக்கிரும்" என்றார் இவர்.

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்த பம்புசெட் சத்தம் காதில் விழுந்தது.

"அக்கா, உங்க இஞ்சினுக்கு ஊத்துற ஆயிலு இருக்கா?"

 கொடுக்க மனமில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு டின் பாதி இருக்கிறதாம். போன கோடையில் வேறொரு டின்னை ஊற்றி இன்ஜின் நின்றுபோய், கேப்பைப் பயிர் கருகியதாம். அதற்குப்பிறகு அலைந்து திரிந்து அவள் வீட்டுக்காரர் வாங்கி வந்த டின் இது. அதைப் பூட்டி வைத்திருந்தாள்.

"அது நல்ல ஆயிலுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். யாசகம் கேட்க வந்தவள் கேட்கிற கேள்வியா அது? ஆனால் எனக்கு அன்று யாரையும் நம்பப் பிடிக்கவில்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தா கேளு தாயி. பாதி டின்னு அதுக்குள்ளதான் ஓடுது. ஒரு மாசமா நிக்காம ஓடுது."

கேட்டேன். தட்டாமல், திணறாமல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி முத்திரை, லேபிள், கடைக்காரர் சத்தியம், அண்ணனுடைய கண், ஓரகத்தியின் உள்ளங்கை என்று எதை எதையோ நம்பிய பிறகு, காட்டுக்குள் கேட்ட அந்தச் சத்தம் ஒன்றுதான் எனக்கு நம்பும்படியாக இருந்தது. அன்றிலிருந்து முத்திரை உடையாத டின் என்றாலே எனக்குச் சந்தேகம்தான்.

அவள் படப்பைத் திரும்பிப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், போய்ச் சாவியை எடுத்து வந்தாள். இதற்குப் பதில் ஒரு முழு டின் கொண்டுவந்து தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். இவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கெட்ட ஆயிலை வடித்தார். அதை அந்தச் சந்தனம் வைத்த டின்னிலேயே பிடித்து, ரோட்டோரப் பள்ளத்தில் ஊற்றி மண்ணைப் போட்டு மூடினார். இன்ஜின் ஆறும்வரை நாங்கள் மூவரும் தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தோம்.  ரோட்டில் போன ஒருவர் வாயில் பீடியோடு வண்டிப் பக்கம் ஒதுங்கப் போனார். மூவரும் சேர்ந்து போட்ட கூச்சலில் அவர் வந்த வழியே ஓடினார்.

புது ஆயில் உள்ளே போனது. அவள் அந்தச் சந்தனம் வைத்த காலி டின்னைக் கேட்டாள்.

"நல்ல கெட்டித் தகரம். தண்ணி எடுக்கலாமே."

நான் கொடுக்கவில்லை. கிணற்றடியில் கிடந்த கடப்பாரையை வாங்கி, டின்னைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒரே குத்து. என் ஆத்திரம் எல்லாம் அந்தக் குத்தில் இருந்தது. இன்னொரு தடவை எவனும் அதை நிரப்பக் கூடாது.

"வீணாப் போச்சே" என்றாள் அவள், மனசார வருத்தப்பட்டு. டின் விஷயத்தில் எங்கள் சீமைப் பெண்கள் எல்லாரும் ஒரே ஜாதி.

நான் லாரியிலேயே ஊருக்குத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அத்தனை வெடி. ஆனால் நான் அதை நினைக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஏறி ஒரு இடத்தில் நின்று, விருதுநகர் வரை அசையவில்லை. மதுரை ரோட்டில் அண்ணன் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என்னை இறக்கிவிட்டுவிட்டு லாரி மதுரைக்குப் போனது.

அடுத்த வாரம் அண்ணன் மதுரைக்கே போய், ஏஜென்சியில் நேராக ஒரு டின் வாங்கி வந்தார். இந்த முறை நிறம் பார்க்கவில்லையாம். நான் அதை எடுத்துக்கொண்டு ஆமத்தூர் போனேன். அவள் முத்திரையைத் தடவிப் பார்த்தாள், மடிப்பில் நகத்தை விட்டாள். பிறகு டின்னை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"இத வச்சு நான் என்ன செய்ய? நான் குடுத்தது ஓடிக் காட்டுன ஆயிலு. நீங்களும் பாதிய ஓட்டிப் பாத்துட்டு மீதியக் கொண்டாங்க."

என்ன நியாயம் இது என்று கோபமாக வந்தது. ஆனால் அதுதான் நியாயம். கனத்த டின்னோடு திரும்பி வந்தேன். இவரிடம் சொன்னதும், "சரியாத்தான சொல்லியிருக்காக" என்று பாதியை ஊற்றிக்கொண்டு லோடு ஏற்றப் போய்விட்டார். மீதிப் பாதி எங்கள் அடுக்களை மூலையில் இருந்தது. சமைக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு ஒருத்தியின் பம்புசெட்டுக்காக என் வீட்டு மனிதர் பட்டாசு லாரியில் உட்கார்ந்து ஆயில் சோதித்துக்கொண்டிருக்கிறார். ஓரகத்தி அந்தத் தடவை என்னைக் கேலி செய்யவில்லை. அவளும் வாசலுக்கு வந்து வந்து பார்த்தாள்.

அவர் திரும்பி வந்து ஹாரன் அடித்ததும் பாதி டின்னை எடுத்துக்கொண்டு ஆமத்தூர் போனேன். அவள் டின்னைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"வந்துட்டாகளா?"

"வந்துட்டாக."

"நீ தூங்கவே இல்லபோல."

நான் இல்லை என்று தலையாட்டினேன். அங்கேயே உட்கார்ந்து ஒருபாடு அழுதேன். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும் சொன்னாள்.

"இனிமே டின்ன வாங்குனா மொதல்ல இங்கன அனுப்பிரு தாயி. நான் ஓட்டிப் பாத்துட்டுப் பாதிய உனக்கு அனுப்புதேன். எங்க இஞ்சின் நின்னா தண்ணிதான் நிக்கும்."

அப்படியே நடந்தது. சீசனுக்குச் சீசன், வருஷத்துக்கு வருஷம். நாங்கள் வாங்கும் டின் முதலில் ஆமத்தூர் போகும். ஒரு மாதம் கழித்துப் பாதி டின் பஸ்ஸில் வரும். அன்றைக்கு என்னைக் கேலி செய்த அதே கண்டக்டர்தான் அண்ணன் கடையில் இறக்கிவிட்டுப் போவார். மற்ற லாரிக்காரர்கள் முத்திரை உடைந்த டின்னை நாங்கள் ஆசையாக வாங்கி வைப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அன்றிலிருந்து கொஞ்சம் தூங்கினேன்.

ஒரு மாசி மாதம் கண்டக்டர் டின்னை இறக்கும்போது, "இன்னைக்கு என்ன, கனமே இல்ல" என்றாராம். அண்ணன் அதை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார். காலி டின். நான் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் கடப்பாரையால் குத்திய ஓட்டை. கூட ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆயில் வந்தால் மாற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று லோடைச் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸில் போனோம். இறங்கினால் காடு அமைதியாக இருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. அது இல்லாமல் அந்த இடமே எனக்கு அடையாளம் தெரியவில்லை. பழமும் பூவுமாக நின்ற மிளகாய்ச் செடிகள் தலை தொங்கி நின்றன. அவளும் அவள் வீட்டுக்காரரும் குடத்தில் இறைத்து பாத்தி பாத்தியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைக்கத் துடைக்க நிறைந்தது.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். முதலில் என் பின்னால் வந்த அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருதடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு இப்ப அழுகிற? தண்ணிதான நின்னுச்சு."